ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ரேமா? சிப்பை எண்ணி வாங்குங்கள்

மேலூரில் என் டிடிபி கடையில் ஓடுவது பழைய ஜி41 போர்டு, அதாவது இன்டெல் ஜி41 சிப்செட் வைத்த மதர்போர்டு. 2 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு ஒரு காதணி விழா பிளக்ஸைத் திறப்பதற்குள் கஸ்டமருக்குப் பொறுமை போய்விடும். முகூர்த்த மாதத்துக்குள் இன்னொரு 4 ஜிபி போட்டுவிடலாம் என்று மதுரைக்கு பஸ் ஏறினேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை. "டிடிஆர்3 ரகம் ரேம்தானண்ணே, எல்லாப் போர்டுக்கும் சேரும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பீப் சத்தம் மட்டும்தான், திரையில் ஒன்றுமில்லை. பின்னை ரப்பரால் தேய்த்தேன், ஸ்லாட்டை மாற்றினேன், பழையதைக் கழற்றிவிட்டு இதை மட்டும் போட்டேன். இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. பழைய ரேமைப் போட்டால் உடனே ஓடுகிறது!

மறுநாள் கடையை அடைத்துவிட்டு மறுபடி மதுரை. கடைக்காரர் புது மெஷினில் போட்டுக் காட்டிவிட்டு, "ரேம் நல்லாத்தான் இருக்கு, உங்க போர்டுதான் அவுட். பிரிச்ச சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். ஒரு நாள் பிழைப்பும் போய், இந்தப் பேச்சும் கேட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னவர் சிம்மக்கல்லில் சர்வீஸ் பார்க்கும் ஒரு பெரியவர். ரேமை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் எட்டு சிப், மறுபக்கம் மொட்டைப் பச்சைப் பலகை. "இதான் தம்பி கோளாறு. இதுல எட்டே சிப்புல 4 ஜிபி, அதாவது ஒரு சிப் 4 ஜிகாபிட் (எட்டு ஜிகாபிட் சேர்ந்தா ஒரு ஜிபி). ஜி41-க்கு 2 ஜிகாபிட் வரைக்கும்தான் தெரியும். ரெண்டு பக்கமும் எட்டெட்டு, பதினாறு சிப் இருக்கிற 4 ஜிபியா பாருங்க."

அவரிடமே பழசு ஒன்று இருந்தது. வேகம் 1333 என்று எழுதியிருக்கிறது, என் போர்டில் 1066-இல் ஓடுகிறது. அதனால் ஒன்றும் குறையில்லை. பதினாறு சிப் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். ஏஎம்டி பிராசஸர் போர்டில் மட்டும் ஓடுகிற மலிவான 4 ஜிபியும் பதினாறு சிப்போடுதான் வருகிறது, கேட்டு வாங்குங்கள். முடிந்தால் சிபியூ பெட்டியையே தூக்கிக்கொண்டு போய், கடையிலேயே போட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது; அதை வைத்திருந்தால் 64 பிட்டுக்கு மாற்றாமல் இந்தச் செலவே வேண்டாம்.

இப்போது 6 ஜிபி காட்டுகிறது. முதலில் வாங்கிய ரேம் மச்சான் வீட்டில், இதைவிடப் புதிய எச்61 போர்டு மெஷினில் ஓடுகிறது.