80 மில்லி லீட்டர் மண்ணெண்ணெய்

1992இல் நாங்கள் ஆண்டு பத்து. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் விலை எங்கோ போய்விட, வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த நாளில்தான் கணித சேர் சமனிலி, அதாவது இரண்டில் எது பெரிது, எது சிறிது என்று குறி போட்டுக் காட்டும் கணக்கு, படிப்பித்தார்.

சமன்பாடு போலத்தான், ஆனால் மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும் என்றார். பாடமாக்கச் சொல்லவில்லை. எண்கோடு கீறி 2, 5இல் புள்ளி வைத்தார். பிறகு −2, −5இல். "அந்தப் பக்கம் போனால் கூடத் தூரம் போனவன்தான் சின்னவன்." 2 < 5, ஆனால் −2 > −5.

பிறகு விளக்குக் கணக்கு. விளக்கில் 80 மில்லி லீட்டர் எண்ணெய்; மணிக்கு 5 எரியும். விடிய எழும்பிப் படிக்க 30 ஆவது மிஞ்ச வேண்டும். இரவு எத்தனை மணித்தியாலம் படிக்கலாம்? மணித்தியாலத்துக்கு 'ம' என்று போட்டார்; 'குறையாமல்' என்பதற்கு ≥.

80 − 5ம ≥ 30
−5ம ≥ −50

பின் வாங்கிலிருந்து "ம ≥ 10" என்று ஒரு குரல். சேர் ஏசவில்லை. "அப்ப தம்பி, பத்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் எரித்தால்தான் எண்ணெய் மிஞ்சுமோ? உம்மட வீட்டு விளக்கை எனக்கும் ஒருக்காத் தாரும்." வகுப்பே சிரித்தது. −5ஆல் வகுக்கும்போது குறி திரும்பும்: ம ≤ 10. சரியாகப் பத்தும் சேரும் என்பதால் 10இல் நிரப்பிய வட்டம். அங்கிருந்து இடப்பக்கம் கோடு, பூச்சியத்தோடு நிற்கும். மறை மணித்தியாலம் யாரும் படிப்பதில்லையே.

குறி திருப்பப் பயந்தவர்களுக்கு வேறு வழியும் காட்டினார். 5மவை வலப்பக்கம் கொண்டுபோனால் 80 ≥ 30 + 5ம. 50 ≥ 5ம. 10 ≥ ம. என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி.

சேருக்குக் கதையும் வரும். சமன் குறியை ரொபர்ட் ரெக்கோர்ட் என்ற வேல்ஸ் கணிதர் 1557இல் அச்சில் கொண்டுவந்தார். < > குறிகள் ஆங்கிலேயக் கணிதர் தோமஸ் ஹரியட்டின் நூலில் வந்தது 1631இல், அவர் இறந்து பத்து வருடத்துக்குப் பிறகு. "சமனில்லாததற்கு 74 வருடம் காத்திருக்க வேண்டி வந்தது" என்பார்.

போன மாசம் இங்கே ரொறன்ரோவில் மகள், குறி ஏன் திரும்புகிறது என்று கேட்டாள். விளக்குக் கணக்கைத் தொடங்கினேன். மண்ணெண்ணெய் என்றால் என்னவென்று சொல்லவே நேரம் போய்விட்டது. சரியென்று போன் பட்டரிக்கு மாற்றினேன்: 80 வீதம் சார்ஜ், மணிக்கு 5 வீதம் இறங்கும், வீடு வந்து சேர 30 வீதமாவது இருக்க வேண்டும். உடனே பிடித்துக்கொண்டாள்.