அகராதி மேசையில் ‘மா’

அகராதி வேலைக்குப் புதிதாக வருபவரிடம் முதலில் நீளமான சொற்களைத்தான் கொடுக்க வேண்டும். ‘ஒத்துழையாமை’, ‘கைம்மாறு’ போன்றவை பிரித்து வைத்தாலே தம் பிறப்பைச் சொல்லிவிடும். ஓரெழுத்துச் சொற்களைக் கடைசியில் கொடுக்கலாம். நன்னூல் கணக்கில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42. மகர வரிசையில் மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு. இந்த ஆறில் அதிகம் வேலை வாங்குவது ‘மா’. தமிழுக்குள்ளேயே அது ஏழெட்டுச் சொல். தமிழுக்கு வெளியே போனால் கணக்கே இல்லை.

முதல் வேலை குவியலைப் பிரிப்பது. ‘மா’ வரும் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்த கையோடு பொருள்வாரியாக அடுக்கத் தோன்றும். அப்படித் தொடங்கினால் பாதியில் குழம்பிப்போகும், ஏனென்றால் பழைய வரிகளில் ஒரே ‘மா’வுக்கு உரைகாரர்கள் இரண்டு பொருள் சொல்லியிருப்பார்கள். முதலில் புணர்ச்சியைப் பாருங்கள். பின்னால் வல்லினம் வரும்போது அந்த ‘மா’ என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

மரத்தைக் குறிக்கும் மா மெல்லெழுத்தை இழுத்துக்கொள்ளும்: மாங்காய், மாம்பழம், மாந்தளிர், மாந்தோப்பு. தூளைக் குறிக்கும் மா வல்லெழுத்தை மிகுவிக்கும்: மாக்கோலம், மாச்சத்து, மாப்பண்டம். ‘பெரிய’ என்னும் மா இரண்டையும் செய்யாது: மாபெரும், மாதவம், மாகவி. எழுத்தில் ஒன்றாக இருக்கும் மூன்று சொற்கள், அடுத்த சொல்லைத் தொட்டவுடன் மூன்றாகப் பிரிந்துவிடுகின்றன. மொழி பேசும் யாருக்கும் இது தெரிந்தே இருக்கிறது. ‘மாப்பழம்’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. செய்யுளில் ‘மாக்கடல்’ என்று மிகுந்து வரும் இடங்கள் உண்டு, ஆகவே இதை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாமே தவிர முடிவாக அல்ல. ஆனாலும் குவியலில் பெரும்பகுதியை இந்த ஒரு சல்லடையே பிரித்துத் தந்துவிடும்.

மிச்சம் நிற்பவற்றுக்குத்தான் பொருளைத் தேட வேண்டும். ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்னும் தொல்காப்பிய நூற்பாவில் மா என்றால் விலங்கு. கைம்மா யானை, அரிமா சிங்கம், கலிமா குதிரை. இந்த மா செத்துப்போகவில்லை, ஊருக்கு ஊர் அரிமா சங்கப் பலகையில் இருக்கிறது. இன்னொரு மா கருமை: மாயோன், மாமை, மாநிறம். மாநிறத்தைப் ‘பெரிய’ மாவின் கீழே போட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. யாப்பில் தேமா, புளிமா வாய்பாடுகள்; இவை ‘மாச்சீர்’, ‘மாமுன் நிரை’ என்று தனி ஆட்சி பெற்றுவிட்டாலும், மாமரத்திலிருந்து வந்தவை என்பதால் மரத்தின் கீழேயே உட்பொருளாகத் தர வேண்டும், தனித் தலைச்சொல்லாக அல்ல. வடமொழியிலிருந்து வந்த, திருமகளைக் குறிக்கும் மா தனி. ‘பெரிய’ என்னும் மாவைப் பற்றி மட்டும் வழக்கு நீள்கிறது: வடமொழி ‘மஹா’வின் தேய்வு என்று ஒரு சாரார், தமிழின் சொந்தச் சொல் என்று ஒரு சாரார். மாநிலம், மாநகர், மாநாடு எல்லாம் இதில் அடங்குவதால் சூடு அதிகம். சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதும் பிறப்புக் கட்டத்தில் இரு கருத்தையும் போடுவதுதான் நேர்மை. அகராதியின் வேலை வழக்கை முடித்துவைப்பதல்ல.

எண்ணாக வரும் மாவுக்குத் தனி எச்சரிக்கை. ஒரு மா என்பது 1/20. காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16, அதுதான் மாகாணி. இருமா 1/10, நாலுமா 1/5, ஐந்து மா சேர்ந்தால் கால். நிலத்தில் 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. காவிரிப் படுகையில் ஒரு மா என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர், 33 சென்ட் என்று இன்றும் கணக்குச் சொல்வார்கள். கல்வெட்டுப் படிகளில் ‘மா’ என்ற எழுத்துக்குப் பதில் பின்னக்குறியே வெட்டப்பட்டிருக்கும். அந்தக் குறிகள் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. அதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகளில் வேறு எழுத்தையோ படத்தையோ வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். தேடலில் அவை சிக்காது.

தேடல் என்றதும் இன்னொன்று. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும்போது துணைக்காலும் ரகரமும் இடம் மாறிவிடும். இரண்டும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம். ‘மா’ என்பது ‘மர’ ஆகும், ‘மர’ என்பது ‘மா’ ஆகும். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. ஆகவே மாவைத் தேடும்போது கூடவே ‘மர’ என்றும் தேடுங்கள். வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் விடக்கூடாது. ‘மாவை’ என்பது மாவின் இரண்டாம் வேற்றுமையாக இருக்கலாம், மாவுவின் இரண்டாம் வேற்றுமையாக இருக்கலாம், யாழ்ப்பாணத்து எழுத்து என்றால் மாவிட்டபுரத்தின் சுருக்கமாகவும் இருக்கலாம்.

யாழ்ப்பாணம் என்றதும் சொல்ல வேண்டியது: தமிழ்நாட்டில் தூளுக்கு ‘மாவு’ நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழில் இன்றும் வாய்ச்சொல் ‘மா’தான்: கோதுமை மா, உழுந்து மா, வறுத்த அரிசி மா. இதைப் ‘பழைய வழக்கு’ என்று குறியிடும் அகராதி இலங்கைச் சமையலறையைக் கணக்கில் எடுக்காத அகராதி. ‘இலங்கை வழக்கு’ என்று குறியிட வேண்டும்.

இனி, பிறப்புக் கட்டம். ‘சீனத்திலும் மா என்றால் குதிரை, சங்கத் தமிழிலும் மா என்றால் குதிரை’ என்று ஆர்வத்தோடு எழுதி அனுப்புபவர்கள் பலர். ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதிவில் ஏற்ற முடியாது, காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டும்.

சீனப் பொதுமொழியில் ‘மா’வை உயர்ந்த சமத் தொனியில் சொன்னால் அம்மா. ஏறும் தொனியில் சணல் போன்ற நார்ச்செடி, மரத்துப்போதல் என்றும் பொருள். சிச்சுவான் சமையலின் ‘மாலா’வில் நாக்கு மரத்துப்போவதைச் சொல்லும் மா இதுதான். தாழ்ந்து எழும் தொனியில் குதிரை. இறங்கும் தொனியில் திட்டுதல். தொனியில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் கேள்வி, நம் ‘ஆ’வைப் போல. அம்மாவுக்கான எழுத்தில் இடப்பக்கம் ‘பெண்’, வலப்பக்கம் ‘குதிரை’ இருக்கும். அந்தக் குதிரை ஒலியைக் காட்ட வந்ததே தவிர பொருளோடு அதற்குத் தொடர்பில்லை. வியட்நாமியத்தில் தொனி ஆறு: பேய், அம்மா அல்லது கன்னம், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. தாய்லாந்து மொழியில் வா என்பதும், குதிரையும், நாயும் மூன்று தொனியில் மா. எழுத்தில் குதிரைக்கு மேலே ஒரு தொனிக்குறி, நாய்க்கு முன்னால் ஒலிக்காத ஒரு ஹகரம். ஆகவே இம்மொழிகளிலிருந்து சொல் எடுக்கும்போது தொனியை எழுதாமல் வெறும் ‘மா’ என்று குறித்தால் அந்தக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை.

குதிரைக்கு வருவோம். பழஞ்சீனத்தை மீட்டுருவாக்கியவர்கள் அச்சொல்லில் மகரத்துக்குப் பின் ஒரு ரகரம் வைக்கிறார்கள். பர்மிய மொழியில் குதிரையை இன்று ‘மியின்’ என்று சொன்னாலும் எழுதுவது ரகரத்தோடுதான். மங்கோலியத்தில் ‘மோரி’. அந்தப் பக்கத்துச் சொல்லுக்கு ரகரம் சொந்தம். தமிழ் மாவில் ரகரம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. தமிழ் மாவுக்கு அடிப்படைப் பொருள் விலங்கு, யானையும் சிங்கமும் அதில் அடங்கும். குதிரை அதன் ஒரு கிளை. பழைய வடிவமும் பொருந்தவில்லை, பழைய பொருளும் பொருந்தவில்லை. இன்றைய உச்சரிப்பு மட்டும் பொருந்துகிறது. உறவு சொல்ல அது போதாது.

கணக்காகப் பார்த்தாலும் விளங்கும். ஒரு மொழியில் மெய் 20, உயிர் 5 என்று வைத்துக்கொண்டால் மெய்யோடு உயிர் சேர்ந்த ஓரசைகள் 100தான். மகரமும் அகர ஒலியும் இல்லாத மொழி மிக அரிது. எனவே ‘மா’ எங்கும் இருக்கும். இருக்கிற சொற்களில் ஏதோ ஒன்றின் பொருள் நம்முடையதோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

எதிர்மறையைப் பாருங்கள், இதைவிட வலுவாக மயக்கும். வடமொழியில் ‘மா’ என்றால் ‘வேண்டாம், செய்யாதே’. கீதையின் ‘மா சுச:’ பலருக்கும் தெரிந்தது. துருக்கியில் வினையோடு ‘மா’ சேர்ந்தால் எதிர்மறை. பர்மியத்தில் வினைக்கு முன் ‘ம’ வந்தால் எதிர்மறை. அரபியில் ‘மா’ என்றால் ‘இல்லை’ என்றும் வரும். நான்கு மொழிக்குடும்பங்கள், ஒரே ஒலி, ஒரே பொருள். ஆனால் வடமொழி மாவுக்கு உறவினர் அதன் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்: கிரேக்க ‘மே’, ஆர்மீனிய ‘மி’, பாரசீகத்தின் பழைய ‘ம-’. அரபி மாவுக்கு ‘என்ன’ என்றும் பொருள். எபிரேயத்தின் ‘மா’வும் ‘என்ன’வேதான். ‘என்ன தெரியும் அவனுக்கு?’ என்று கேட்டாலே ‘ஒன்றும் தெரியாது’ என்றாகிவிடுவதைப் போல, கேள்வியிலிருந்து மறுப்பு பிறந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். துருக்கியில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காதால் கேட்க வேண்டும். ‘பக்’ என்றால் பார். ‘பக்மா’வில் முதலசையை அழுத்தினால் ‘பார்க்காதே’. இரண்டாம் அசையை அழுத்தினால் ‘பார்த்தல்’. எழுத்தில் வேறுபாடு இல்லை.

ஐரோப்பாவில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே பாடம் கிடைக்கிறது. இத்தாலியத்தில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. பிரெஞ்சில் ‘மா’ என்றால் பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘என்’. இரண்டும் இலத்தீனின் பிள்ளைகள், இரண்டு சொல்லும் இலத்தீனிலிருந்து வந்தவை. ஆனால் இத்தாலிய மாவின் மூலம் ‘மேலும்’ என்று பொருள்படும் ‘மாகிஸ்’. பிரெஞ்சு மாவின் மூலம் ‘என்னுடைய’ என்னும் ‘மேயா’. இத்தாலிய மாவின் உடன்பிறப்பைப் பிரெஞ்சில் தேடினால் அது ‘மே’, ஸ்பானியத்தில் ‘மாஸ்’. அச்சாக ஒத்திருப்பது அயலார், ஒவ்வாதது சகோதரன். பிறப்புக் கட்டம் எழுதுபவருக்குப் பழக்கிவிட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அங்கேரியத்தில் மா ‘இன்று’, எஸ்தோனியத்தில் ‘நான்’. இவையும் உறவு மொழிகள்தாம், சொற்களுக்கு உறவில்லை. எஸ்தோனியத்திலும் பின்னியத்திலும் உயிரை நீட்டிச் சொன்னால் ‘நிலம், நாடு’. அவை இரண்டும் மெய்யாகவே ஒன்று. சுவாகிலியில் ‘ம’ சொல்லின் முன்னொட்டு, நீர்மப் பொருள்களில் வரிசையாகப் பார்க்கலாம்: மாஜி தண்ணீர், மசிவா பால், மஃபுதா எண்ணெய்.

உறவே கிடையாது என்று கைகழுவவும் கூடாது. ஜப்பானியத்தில் ஒரு மா இடைவெளி, ஒரு மா மெய், ஒரு மா தீய சக்தி. இந்தக் கடைசி மா நம் பக்கத்திலிருந்து போனது. புத்தரைச் சோதித்த ‘மாரன்’ பெயரை எழுதச் சீனர்கள் கீழே ‘பேய்’ வைத்து ஓர் எழுத்தை உருவாக்கினார்கள். அது பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய் ‘மா’ என்று நின்றது. மாமரத்து மாவும் பயணித்தது. தமிழ் மாங்காய், மலையாள மாங்ங வழியாகப் போர்த்துக்கீசியத்தில் ‘மாங்கா’, அங்கிருந்து ஆங்கில ‘மேங்கோ’. இங்கே சரக்கு போன வழி தெரியும், காலம் தெரியும், பழமும் ஒன்று. எழுதலாம்.

அம்மாவுக்கான மா மட்டும் இந்த விதி எதிலும் அடங்காது. பால் குடிக்கும் குழந்தை உதடு மூடி எழுப்பும் மூக்கொலியே இதன் தொடக்கம் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் விளக்கினார். ஒவ்வொரு மொழியிலும் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும் சொல் அது. ஒற்றுமையை வைத்து உறவு சொல்ல முடியாது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’.

தமிழில் இந்த மாவுக்குப் பழைய அகராதிகளில் சரியான இடமில்லை. ‘சாப்டியாமா’, ‘சரிமா’, ‘வாங்கமா’ என்று நாள் முழுக்க வாயில் வருகிறது. ‘அம்மா’வின் குறுக்கம் என்று ஒரு வரியில் முடித்தால் பயன்பாடு தெரியாது. அம்மாவைப் பிள்ளை அழைப்பதும் இதனால்தான், மகளை அப்பா அழைப்பதும் இதனால்தான். கணவன் மனைவியை, பெரியவர் இளையவளை, பேருந்தில் நடத்துநர் முன்பின் தெரியாத பெண்ணை. வயதைக் காட்டாது, அன்பையும் மரியாதையையும் சேர்த்தே காட்டும். தனியாக நிற்காது, முன்சொல்லோடு ஒட்டியே வரும். ஆகவே தலைச்சொல்லுக்கு முன் இணைகோடு போட்டு ‘-மா’ என்று பதிய வேண்டும். எடுத்துக்காட்டு குறைந்தது மூன்று வேண்டும்: ஒன்றில் கேட்பவர் மூத்தவர், ஒன்றில் இளையவர், ஒன்றில் அறிமுகமில்லாதவர். ‘-பா’வைப் பார்க்க என்று ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும்.