கய்யாலையை நம்பி சண்டைக்குப் போகாதீங்க

மலையோர ரப்பர் விளையில, அதாவது தோட்டத்துல, பன்னி வேட்டைக்காரனும் விளைக்காரனும் ராத்திரி முட்டிக்கிட்டா, ஒருத்தன் "புறம்போக்கு"ம்பான், இன்னொருத்தன் "என் பட்டா"ம்பான். விளையைச் சுத்திக் கட்டுற வரப்புச் சுவரான கய்யாலையை எல்லைன்னு நம்பாதீங்க. மழையில சரிஞ்சு திரும்பக் கட்டுறப்ப ஒரு முழமாவது தள்ளி உட்காரும்.

பத்திரத்துல பழைய சர்வே எண்ணும் சென்டும், பட்டாவுல ரீசர்வே (மறு அளவை) எண்ணும் ஹெக்டேர்-ஏரும் இருக்கும். 1 ஏர்னா 2.47 சென்ட். இதை ஒத்துப் பார்க்காம கம்பி வேலி போட்டா வம்புதான். எஃப்.எம்.பி. வரைபடத்தை (சர்வே எண்ணோட அளவுகள் இருக்குற நில வரைபடம்) எடுத்துட்டு, பணம் கட்டி சர்வேயரைக் கூப்பிடுங்க. காட்டை ஒட்டுன பக்கம்னா வனத்துறை ஆளும் கூட நிக்கிறது நல்லது. எல்லைக் கல்லைக் காணோம்னா தோண்டிப் பாருங்க, ரப்பருக்குக் குழி எடுத்தப்ப மூடியிருப்பாங்க.

எல்லை யார் பக்கம் இருந்தாலும் அனுமதியில்லாத வேட்டை குற்றம்தான். 1972 வனவிலங்குச் சட்டம் பட்டா நிலத்துக்கும் உண்டு. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டம் தனி.

வேட்டைக்காரன் தலையில கட்டுன லைட் தெரிஞ்சா வெட்டுக்கத்தியோட சத்தமில்லாம இறங்காதீங்க. இருட்டுல அவன் அசைவைப் பார்த்துத்தான் சுடுவான். டார்ச்சைப் போட்டு, தூரத்துல நின்னு சத்தம் கொடுத்துட்டு 100-க்கு அடிங்க.