எலும்பு பொறுக்காத வீடு

கோத்தகிரியில் அப்பாவைத் தகனம் செய்த மறுநாள் காலை, புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்த நேரத்தில், பால் செம்பும் மண் கலயமுமாக மயானத்துக்குப் போனோம். இரவெல்லாம் எரிந்த விறகு வெறும் சாம்பலாகியிருந்தது. ஆனால் அங்கு வேலை செய்யும் பெரியவர் நீர் தெளித்துக் குச்சியால் அதை விலக்கியதும், காலில் தொடங்கித் தலை வரைக்கும் ஒவ்வொரு எலும்பும் வெள்ளையாகத் தெரிந்தது. இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குச் சோடர் வீட்டின் கதை வேறு மாதிரிதான் உறைக்கும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஃபயட்வில் என்ற சிற்றூரில், 1945ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடியலில், இத்தாலியிலிருந்து குடியேறிய ஜார்ஜ் சோடரின் வீடு தீப்பற்றியது. அன்று வீட்டிலிருந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வரும் பெற்றோரும் வெளியே ஓடிவந்தார்கள். மாரிஸ், மார்த்தா, லூயிஸ், ஜென்னி, பெட்டி ஆகிய ஐவரும் வரவில்லை. மூத்தவனுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு 5.

எப்போதும் சுவரில் சாய்ந்திருக்கும் ஏணி அன்று அங்கே இல்லை, இரண்டு லாரிகளும் கிளம்பவில்லை, நள்ளிரவில் தவறான எண்ணுக்கு வந்த தொலைபேசி அழைப்பில் யாரோ சிரித்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். இவை எனக்குப் பெரிதாகப் படவில்லை. துயரம் நடந்த எந்த வீட்டிலும் பின்னோக்கித் தேடினால் இப்படி நாலு விஷயம் கிடைக்கும். என்னை உலுக்கியது வேறு. சுமார் முக்கால் மணி நேரத்தில் இடிந்து விழுந்துவிட்ட அந்த வீட்டின் சாம்பலில், காலை எட்டு மணி வாக்கில்தான் வந்து சேர்ந்த தீயணைப்பினர் தேடியபோது, ஐந்து பேருக்கு ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. உடல்கள் முழுவதுமாக எரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் இறப்புச் சான்றிதழ்களும் வந்துவிட்டன. (நம் சாட்சியச் சட்டமோ, காணாமல் போனவரைப் பற்றி ஏழாண்டு காலம் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கருத இடம் தருகிறது.)

தாய் ஜென்னி (மகளுக்கும் அதே பெயர்) அதை ஏற்கவில்லை. கோழி எலும்பு, மாட்டெலும்பு, பன்றி எலும்பு என்று ஒவ்வொன்றாக அடுப்பிலிட்டு எரித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கரிந்த எலும்பு மிஞ்சியது. தகனக் கூடத்து ஊழியர் ஒருவரிடம் விசாரித்தபோது, 2,000 பாரன்ஹீட் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் எரித்தாலும் எலும்பு மிஞ்சும் என்று அவர் சொன்னார். நம் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி அடுப்பங்கரையில் நின்று இதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது.

ஆனாலும் பெற்றோர் நம்பியதுபோலப் பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முதல் தேடல் சில மணி நேரமே நடந்தது. சில நாட்களில் தந்தையே, அந்த இடத்தை நினைவிடமாக்கும் எண்ணத்தில், ஐந்தடி மண்ணை அதன்மேல் கொட்டி மூடிவிட்டார். 1949இல் தோண்டியபோது முதுகெலும்புத் துண்டுகள் நான்கு கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த, அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்தார், அவை ஒரே ஆளுடையவை, அந்த ஆளுக்குக் குறைந்தது 16 வயதாவது இருக்கும், நெருப்புப் பட்ட தடயம் இல்லை என்றார்கள். அவ்வளவு குறைந்த நேரம் எரிந்த வீட்டில் ஐந்து பிள்ளைகளின் முழு எலும்புக்கூடுகளும் அல்லவா கிடைத்திருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். நெருப்பிலேயே மாண்டிருக்கக்கூடும், அரைகுறைத் தேடலே மர்மத்தை வளர்த்தது என்பது என் ஊகம். தாயின் அடுப்புக் கேள்விக்கு மட்டும் அந்த ஊகத்தில் பதில் இல்லை.

அப்பாவின் கலயத்தைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்த சில மாதங்களுக்குப் பிறகு இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தம்மா எதைத்தான் கொண்டுபோய்க் கரைச்சாங்க?" என்றார்.

கரைக்க எதுவும் இருக்கவில்லை. ஐந்து பிள்ளைகளின் படங்களோடு சாலையோரம் ஒரு பெரிய பலகை நின்றது. 1969இல் கணவர் இறந்த பிறகும் ஜென்னி கறுப்பு உடையிலேயே இருந்து, வீடு எரிந்த மண்ணில் வளர்ந்த தோட்டத்தைக் கவனித்துக்கொண்டார். 1989இல் அவரும் போனபின் பலகையை எடுத்துவிட்டார்கள்.