அளவுக்கோடு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்த நாட்களில், படத்தை வரைந்து முடித்தபின் சேர்க்கும் அலங்காரமாகவே அளவுக்கோட்டை, அதாவது ஒரு பகுதியின் நீளத்தைக் காட்ட இரு முனையிலும் அம்புத்தலையிட்டு வரையும் கோட்டை, எண்ணியிருந்தேன். உருவத்தின் வெளிக்கோடு தடிப்பாகவும் அளவுக்கோடு மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அம்புத்தலையின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு, உருவத்திலிருந்து அளவுக்கோட்டை நோக்கி இழுக்கும் நீட்டிப்புக்கோடு அதைச் சற்றுத் தாண்டி நிற்க வேண்டும் என்பன போன்ற விதிகளைப் பிழையின்றிப் பின்பற்றினாலே முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே வரிசையில் ஐந்து துளைகள் கொண்ட தகடு ஒன்றை வரைந்தேன். அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே 20, 20, 20, 20 என்று சங்கிலிபோல் அளவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ±0.1 மி.மீ. டாலரன்ஸ் (அளவு கூடவோ குறையவோ அனுமதிக்கும் எல்லை) கொடுத்தேன். தயாராகி வந்த தகட்டில் முதல் நான்கு போல்ட்டுகள் இறங்கின, ஐந்தாவது இறங்கவில்லை. வெர்னியர் அளவுகோலில் பார்த்தால் ஒவ்வோர் இடைவெளியும் 20.08 மி.மீ., அதாவது அனுமதித்த எல்லைக்குள்தான். ஆனால் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே 80.32 வந்துவிட்டது. துளையிட்டவர் மேல் குற்றமே இல்லை. நான்கு டாலரன்ஸ்களும் கூடி 80.4 வரை போகலாம் என்று என் படமே அனுமதித்திருந்தது.

முதல் துளையையே ஆதாரமாகக் கொண்டு, அங்கிருந்து 20, 40, 60, 80 என்று அளவிட்டிருந்தால், அதே ±0.1 டாலரன்ஸில் கடைசித் துளை 80.1-ஐத் தாண்டியிருக்காது. இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு துளை 19.9-இலும் அடுத்தது 40.1-இலும் அமைந்தால், அவற்றின் இடைவெளி 20.2 ஆகிவிடும். ஆகவே இரண்டு பற்சக்கரத் தண்டுகளைப் போல, பக்கத்துப் பக்கத்துத் தூரமே முக்கியமான இடத்தில் அந்தத் தூரத்தை நேரடியாகக் குறிப்பதே சரி. ஆட்டோகேட் வரைபட மென்பொருளில், சங்கிலிபோல் அளவிடும் 'டிம்கன்டினியூ', ஒரே ஆதாரத்திலிருந்து அளவிடும் 'டிம்பேஸ்லைன்' என்னும் இரண்டு கட்டளைகளும் அருகருகே இருப்பதாலோ என்னவோ, பலர் இந்த வேறுபாட்டை வெறும் தோற்றம் சார்ந்ததாகவே கருதுகிறார்கள்.

சங்கிலி அளவுகளோடு மொத்த நீளத்தையும் டாலரன்ஸுடன் எழுதுவது இன்னொரு தவறு. அப்படிச் செய்தால் ஒரே நீளத்துக்கு இரண்டு கட்டளைகள் பிறந்து, ஒன்றுக்கொன்று முரண்படும். திருத்திய படத்தில் எல்லா அளவுகளையும் முதல் துளையிலிருந்தே கொடுத்தேன். கணக்குப் பார்ப்பவரின் வசதிக்காக மட்டும் தகட்டின் ஓர் உப அளவை அடைப்புக்குறிக்குள் இட்டேன். அடைப்புக்குறிக்குள் உள்ள அளவு தகவலுக்கு மட்டுமே. அதை வைத்து யாரும் தகட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது.