பொருளாதாரத்தில் பிஎச்.டி.: கைடின் பயோடேட்டாவை முதலில் படியுங்கள்

பொருளாதாரத்தில் பிஎச்.டி. சேரப்போகிறேன் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட் வேணும்?" இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதுகலையில் 55 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. பிரிவினர், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர் எம்.ஏ. இல்லாமலே விண்ணப்பிக்கலாம். எம்ஃபில் பட்டத்தை மூட்டை கட்டிய 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிதான் இதையும் சொல்கிறது.

2024 ஜூன் தேர்விலிருந்து, தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம் என்று யுஜிசி அறிவித்தது. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். நெட்டில் 'பிஎச்.டி.க்கு மட்டும்' பிரிவில் தேறியவருக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம் என்று கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

இதெல்லாம் கையில் இருந்தும் இடம் கிடைக்காமல் நிற்பவர்கள் நிறைய. காரணம், கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி.

உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் 4 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், பேராசிரியர் 8 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருந்தால் புதிதாக ஒருவரையும் எடுக்க முடியாது. துறைத் தளத்தில் இருக்கும் பயோடேட்டாவில் விருதுப் பட்டியலைத் தாண்டிப் போய், அவர் பதவியையும் பணியில் சேர்ந்த வருடத்தையும் பாருங்கள். அடுத்து, கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகள். வேளாண் விலையில் டாக்டர் பட்டம் வாங்கியவர் இன்று சுகாதாரப் பொருளாதாரம் மட்டுமே எழுதிக்கொண்டிருக்கலாம்.

பிறகு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் பல பக்கங்களில் இருக்கும். ஆறாண்டு உச்சவரம்பை எத்தனை பேர் தொட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆய்வு முறை அத்தியாயத்தையும் திறந்து பாருங்கள். அதே கேள்வித்தாள், அதே பர்சன்டேஜ் அனாலிசிஸ், அதே கை-ஸ்கொயர் சோதனை, மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தால், உங்களுக்கும் ஒரு மாவட்டம் ஒதுக்கப்படும். நான் இப்படிப் பார்த்துவிட்டுத்தான், பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவரை விட்டு ஓர் இணைப் பேராசிரியரிடம் சேர்ந்தேன்.

நேர்காணலில் தலைப்பை விடத் தரவைத்தான் குடைவார்கள். என் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கிராமப்புறப் பெண்களின் வேலை பற்றியது. குழுவில் ஒருவர், "வீட்டுக்கு விறகு பொறுக்கிட்டு வர்ற அம்மாவை பிஎல்எஃப்எஸ் எங்கம்மா எண்ணுது?" என்றார். பிஎல்எஃப்எஸ் என்பது மத்திய அரசின் தொழிலாளர் படைக் கணக்கெடுப்பு; அதில் ஒவ்வொருவரின் வேலை நிலைக்கும் ஒரு குறியீட்டு எண் (கோடு) உண்டு. வீட்டு வேலையோடு இதையும் செய்பவருக்குக் கோடு 93. தொழிலாளர் படைக்கு வெளியே. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவருக்குக் கோடு 21. அவர் வேலையில் இருப்பவராகக் கணக்காவார். இந்த இரண்டு எண்களைச் சுற்றியே மீதி நேரம் போனது. 2017 ஏப்ரலில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பின் மூலத்தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசமாகவே இறக்கலாம். கேள்விப் படிவத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட்டுப் போங்கள்.

கைடுக்கு எழுதும் மடல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, அதில் நீங்கள் எதைத் தொடர நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கடைசி வரியில் "வேகன்சி இருக்கிறதா ஐயா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொண்ட பேராசிரியரை நான் இதுவரை பார்க்கவில்லை.