பம்பு யார் வீட்டில் இருக்கிறது?

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாமா மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் ஃபியோரெண்டினா கால்பந்து அணியின் கேப்டன் டாவிடே அஸ்தோரி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வயது 31. உதினேசே அணியோடு அன்று ஆட்டம். அதற்காக உதினே நகரில் அணி தங்கியிருந்த ஓட்டலில், இரவு தூங்கப் போனவர் காலையில் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

நான் இத்தாலிய ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன் இல்லை. ஆனால் அஸ்தோரியைப் பார்ப்பேன். நான் ஆடுவது லெஃப்ட் பேக், பின்வரிசையின் இடது ஓரம். எனக்குப் பக்கத்தில், பின்வரிசை நடுவில் நிற்கிற ஸ்டாப்பர்தான் எனக்குக் கண். இடது காலால் ஆடுகிற, அலட்டிக்கொள்ளாத ஸ்டாப்பர் எங்கே இருந்தாலும் அவன் நிற்கிற இடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் அணியின் கேப்டன். அவரும் ஸ்டாப்பர்தான்.

அந்தச் செய்தியைப் படித்தபோது அவர் கடலுக்குப் போய் மூன்று மாதம் தாண்டியிருந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்ததே, அதற்கு முன்னால் தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன போட்டு (படகு). திரும்பி வரவில்லை.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம். நீரோடியில் தொடங்கி வரிசையாக இருக்கிற எங்கள் கடற்கரை ஊர்களில் பந்து தெரியாத பையன் கிடையாது. ஆழ்கடலுக்குப் போய்வந்து போட்டு கரையில் கிடக்கிற நாட்களில் ஆண்கள் எல்லாம் மைதானத்தில் இருப்பார்கள். மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் இந்த ஊர்களில் பலர் உண்டு. ஒக்கிக்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸுக்கு யாரும் பந்தைத் தொடவில்லை. தொட முடியவில்லை என்பதுதான் சரி. மைதானத்தில் கம்பம் மட்டும் நின்றது.

அதனால் அஸ்தோரி செய்தியை நான் விளையாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை. அடுத்து அந்த அணி என்ன செய்யப்போகிறது என்று தெரிந்தாகவேண்டும் போல இருந்தது. எங்களுக்குத் தெரியவில்லையே, அவர்களாவது செய்துகாட்டட்டும் என்று ஒரு தவிப்பு.

அன்றைக்கு இத்தாலியில் எல்லா ஆட்டங்களையும் தள்ளிவைத்தார்கள். ஜெனோவா நகரில் ஜெனோவா அணியும் காலியாரி அணியும் ஆட இருந்தார்கள். அஸ்தோரி ஆறு வருஷம் ஆடிய அணி காலியாரி. மைதானத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோதே அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்தி வந்தது.

என்னை உலுக்கியது ரிக்கார்டோ சப்போனாரா எழுதியது. அஸ்தோரியோடு ஆடியவர். கேப்டனே, ஏன் காலைச் சாப்பாட்டுக்கு எங்களோடு இறங்கி வரவில்லை, மார்கோ அறைக்கு வெளியே இருந்த உன் ஷூவை ஏன் போய் எடுக்கவில்லை, வழக்கமான ஆரஞ்சு ஜூஸைக் குடிக்க ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியிருந்தார். தடுத்த கோலைப் பற்றியோ ஜெயித்த ஆட்டத்தைப் பற்றியோ அந்த இடத்தில் பேச்சே இல்லை. ஷூ, ஜூஸ், காலைச் சாப்பாடு. கூட இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.

அதைப் படித்ததும் எனக்கு எங்கள் பம்பு ஞாபகம் வந்தது.

எங்கள் அணியின் பந்துகள், வலைப்பை, காற்றடிக்கிற பம்பு எல்லாம் கேப்டன் வீட்டில்தான் இருக்கும். நாலு மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். பையிலிருந்து ஊசியை எடுத்து, வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, பிறகுதான் பந்தில் செருகுவார். காய்ந்த ஊசியைச் செருகினால் உள்ளே வால்வு கிழிந்துவிடும். ஒவ்வொரு பந்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தரையில் ஒரு தட்டு தட்டி, அப்புறம்தான் எங்களிடம் உதைத்துவிடுவார். பத்து வருஷம் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். இதுதான் கேப்டன் வேலை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. டாஸ் போடுவதும் ரெஃப்ரியிடம் பேசுவதும்தான் கேப்டன் வேலை என்று நினைத்திருந்தேன்.

அவர் போனபிறகு பை அந்த வீட்டிலேயே இருந்தது. போய்க் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அந்த அம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவர் முன்னால் போய் நின்று பம்பு வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? உடல் வந்திருந்தால் அடக்கம் நடந்திருக்கும், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று ஒவ்வொன்றாகக் கடந்திருப்போம். உடல் வராத வீட்டில் எதையும் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது.

ஃபியோரெண்டினாவுக்கு அடக்கம் என்று ஒன்று நடந்தது. மார்ச் 8, ஃபிளாரன்ஸில் சாந்தா குரோசே பேராலயம். முந்தின இரவு லண்டனில் டாட்டன்ஹாமோடு ஆடி ஜெயித்த யுவெண்டஸிலிருந்து புஃபோனும் கியெல்லினியும் வந்திருந்தார்கள். ஃபிளாரன்ஸ்காரர்களுக்கு யுவெண்டஸ் என்றால் எவ்வளவு ஆகாது என்பது பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அன்று அதே கூட்டம் அவர்களுக்குக் கை தட்டியது.

ஆலயத்துக்குள் அணி சார்பில் பேசியவர் மிலான் பாடெல். குரோஷியாக்காரர், நடுக்கள ஆட்டக்காரர். நீதான் கால்பந்து, குழந்தைகள் ஆடுகிற சுத்தமான கால்பந்து என்று அஸ்தோரியைப் பார்த்துச் சொன்னார். கையில் கட்டுகிற கேப்டன் பட்டையும் அவருக்கே போனது.

அப்போது எனக்கு இது சரியாகப் படவில்லை. பாடெலின் ஒப்பந்தம் அந்த ஜூனோடு முடிகிறது, சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்று பேச்சு இருந்தது. அப்படியே லாட்சியோ அணிக்குப் போய்விட்டார். போகப்போகிறவர் கையில் எதற்குப் பட்டை என்று நண்பர்களிடம் வாதம் செய்தேன். இப்போது யோசித்தால் அது சரியான முடிவு என்றே படுகிறது. ஒருவர் இறந்தவுடன் வருகிற கேப்டனுக்கு அணியைக் கட்டி எழுப்பும் வேலை கிடையாது. துக்க வீட்டில் ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வாரே, அந்த வேலைதான். அதற்கு இறந்தவரை நன்றாக அறிந்தவர் போதும், நாளைக்கு இருப்பாரா என்று பார்க்க வேண்டியதில்லை.

மார்ச் 11, நம் நேரப்படி மாலை 5 மணிக்கு அவர்களுடைய முதல் ஆட்டம், பெனெவெண்டோவோடு. அதை நாங்கள் ஐந்து பேர் ஒரே போனில் பார்த்தோம். மூன்று மாதத்தில் ஒன்றாக உட்கார்ந்து பந்து பார்த்தது அன்றுதான். பதின்மூன்றாவது நிமிடத்தில் ஆட்டம் நின்றது. அஸ்தோரியின் எண் 13. மைதானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. ஐந்து பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அஸ்தோரி இல்லாத பின்வரிசையில் அன்று நின்றவர் பிரேசிலைச் சேர்ந்த விட்டோர் ஹூகோ. அவர் சட்டை எண் 31. பதின்மூன்றைத் திருப்பிப் போட்டால் 31, அஸ்தோரியின் வயதும் 31. அவரே தலையால் முட்டிக் கோல் போட்டார். அஸ்தோரியின் முகம் அச்சிட்ட சட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்து ராணுவ வீரனைப் போல சல்யூட் அடித்தார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. எங்கள் கீப்பர் எழுந்து கடல் பக்கம் நடந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு டொரினோ, குரோட்டோனே, ஏப்ரல் 3 அன்று அதே உதினேயில் தள்ளிவைத்த ஆட்டம், அடுத்து ரோமாவை ரோமிலேயே. வரிசையாக ஐந்து வெற்றி. துக்கம் அந்த அணியைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் அப்போது நம்பினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முதல் சில வாரம் எல்லோரும் கேப்டனாக இருப்பார்கள். ஒருவன் விட்டதை இன்னொருவன் ஓடிப்போய் எடுப்பான், யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். அப்புறம் மெதுவாக, அதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு வரும். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த சீசன் ஃபியோரெண்டினா பதினாறாம் இடத்தில் முடித்தது. லீக்கில் நிலைப்பதே கடைசி நாளில்தான் உறுதியானது. துக்க நாட்களில் அவர்களை நடத்திப்போன பயிற்சியாளர் ஸ்டெஃபானோ பியோலி 2019 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். அதற்கு வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு மரணத்தின்மேல் ஏற்றமாட்டேன். ஆனால் அந்த ஐந்து வெற்றியை மட்டும் மரணத்தின் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை.

எங்கள் கதையும் அப்படித்தான். ஈஸ்டர் முடிந்து பக்கத்து ஊரில் ஒரு டோர்னமெண்ட். இறங்கலாம் என்று முடிவு செய்தோம். யார் கேப்டன் என்று மட்டும் முடிவு செய்யவில்லை. அவர் இடத்தில் யாரையும் வைக்கவேண்டாம், ஆட்டத்துக்கு ஒருவர் டாஸுக்குப் போகட்டும் என்று சொன்னோம். மரியாதை என்று நினைத்துச் செய்ததுதான். முதல் ஆட்டம் நன்றாகவே ஆடினோம். இரண்டாவதில் ரெண்டு கோல் வாங்கினதும் ஆளுக்கு ஆள் கத்தினோம். கார்னருக்கு யார் யாரைப் பிடிப்பது என்று சொல்ல ஆளில்லை. வயதில் சின்ன பையன் ஒருவன் அழுதுகொண்டே வெளியேறினான். "அண்ணன் இருந்தா நீங்க இப்படி என்னைப் பேசுவியளா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

அந்த இடத்தைக் காலியாக வைத்தது எங்கள் தவறு. மரியாதை செய்த மாதிரி இருந்தது, உண்மையில் அவருடைய வேலையை அநாதையாக விட்டுவிட்டோம்.

ஃபியோரெண்டினா இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 13 என்ற எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். காலியாரியும் அப்படியே செய்தது. பட்டையை நிறுத்தவில்லை. பாடெலுக்குப் பிறகு ஹெர்மன் பெட்செல்லா அதைக் கட்டினார். அஸ்தோரிக்குப் பக்கத்தில் நின்று ஆடிய அர்ஜென்டினா ஸ்டாப்பர். அவர் கட்டிய பட்டையில் அஸ்தோரியின் முதலெழுத்துகளும் 13-உம் இருந்தன, ஃபிளாரன்ஸின் நாலு பழைய பேட்டைகளின் நிறமும் இருந்தது. அந்த சீசனில்தான் லீக் எல்லா அணிக்கும் ஒரே மாதிரிப் பட்டை என்று விதி கொண்டுவந்தது. ஃபியோரெண்டினா கேட்கவில்லை. தன் பட்டையையே கட்டிக்கொண்டு இறங்கியது. கடைசியில் லீக்தான் விட்டுக்கொடுத்தது. அந்த விதியை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இறந்தவன் பெயரை ஒருவன் கையில் கட்டுவதற்குக் கேள்வி எதற்கு?

எண் அவருடையது. அது அவரோடு போகலாம். பட்டை அணியுடையது. அது அடுத்த கைக்குப் போயே ஆகவேண்டும். இந்த வித்தியாசம் எங்களுக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

புரிந்த பிறகு நான்தான் அந்த வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துப் போனதெல்லாம் அந்த அம்மாவைப் பார்த்ததும் மறந்துபோனது. "பந்துக்கா மக்கா வந்தே?" என்று அவர்களே கேட்டார்கள். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து கொடுத்தார்கள். பந்துகள் எல்லாம் துடைத்து வைத்திருந்தன. உப்புக்காற்றுக்குப் பம்பு துருப்பிடிக்காமல் இருக்க அதில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள். ஊசி ஒரு துணியில் சுற்றி, மருந்துச் சீட்டு டப்பாவுக்குள் இருந்தது. ஒரு வருஷமாக யாராவது வருவார்கள் என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் போகவில்லை.

பை இப்போது கீப்பர் வீட்டில் இருக்கிறது. கேப்டனும் அவன்தான். அதிகம் பேசமாட்டான். நாலு மணிக்குப் பையோடு வந்துவிடுவான். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது கரையோரம் நின்று பார்த்தேன். ஒக்கி வந்தபோது நாலோ ஐந்தோ வயது இருந்திருக்கும் ஒரு பையனிடம் பம்பைக் கொடுத்துக் காற்றடிக்கச் சொன்னான். பையன் ஊசியை எடுத்து வாயில் வைத்து நனைத்துவிட்டு, பந்தைத் தொடைகளுக்கு நடுவே வைத்துச் செருகினான்.